“சில நேரம் பிடிக்குது, சில நேரம் பிடிக்கல்ல”: பழைய பிக்கப்பின் பிரேக் பற்றிச் சில வார்த்தைகள்



நலன்புரிப் பக்கத்தில் வண்டி ரிப்பேர் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். தோட்டத்துப் பிக்கப் என்பது சாமான் ஏற்றும் வண்டி மட்டுமல்ல என்பது உங்களுக்கே தெரியும். பகலில் உர மூட்டை ஏற்றிய அதே வண்டிதான் இரவு 2 மணிக்குப் பிரசவ வலி கண்ட தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. மலையில் குளவி கொட்டி விழுந்தவர்களையும், கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக் கொண்டவர்களையும் சுமப்பது அதுவே. ஆகவே அந்த வண்டியின் பிரேக் சாரதி ஒருவரின் விஷயம் அல்ல, லயத்தில் இருக்கும் எல்லாருடைய விஷயமும் ஆகும்.

பிரேக் அறவே இல்லாத வண்டியை எவரும் எடுக்கப் போவதில்லை. அது நிற்கும் இடத்திலேயே நிற்கும். ஆபத்தானது, சில நேரம் பிடித்துச் சில நேரம் பிடிக்காத வண்டிதான். காரணம், அப்படிப்பட்ட வண்டியைப் பற்றிச் சாரதி சொல்வதை யாரும் நம்புவதில்லை.

வழக்கமாக நடப்பது இதுதான். “ஐயா, நேத்து கீழ் டிவிஷன் எறக்கத்துல பெடல் உள்ள போயிருச்சுங்க” என்று சாரதி வந்து சொல்வார். வண்டி கராஜுக்குப் போகும். அங்கே மெக்கானிக் வெறும் வண்டியைச் சமதரை ரோட்டில் அரை மைல் ஓட்டிப் பார்ப்பார். பிரேக் நன்றாகப் பிடிக்கும். “ஒண்ணுமே இல்லியே” என்று திருப்பி அனுப்புவார். இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால் சாரதிக்கு ‘வேலைக்குக் கள்ளம்’ என்று பேர் வந்துவிடும். நாலாவது தடவை பெடல் உள்ளே போனாலும் அவர் வாய் திறக்க மாட்டார். அந்த மௌனம் வந்த பிறகு வண்டியில் ஏறுகிறவர்களின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

உண்மையில் சாரதி சொன்னதும் சரி, மெக்கானிக் பார்த்ததும் சரி. பிரேக் காரணமில்லாமல் விட்டு விட்டுக் கெடுவதில்லை. ஏதோ ஒரு நிலைமை சேரும்போது மட்டும் கெடுகிறது. அது சூடாக இருக்கலாம், ஈரமாக இருக்கலாம், பாரமாக இருக்கலாம், குலுக்கலாக இருக்கலாம். அந்த நிலைமை எது என்று கண்டுபிடித்தால் பாதி ரிப்பேர் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே “பிடிக்குதா, பிடிக்கல்லையா” என்று கேட்பதை விட்டு, “எப்போ பிடிக்கல்ல?” என்று கேட்கப் பழக வேண்டும்.

பிரேக் வேலை செய்யும் விதம்

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் என்னும் சின்னப் பம்ப் பிரேக் ஒயிலைத் தள்ளுகிறது. ஒயில் குழாய் வழியே சக்கரத்துக்குப் போய் அங்குள்ள சிலிண்டரைத் தள்ள, டிரம் பிரேக்கில் ஷூ விரிந்து டிரம்மில் உரசும். டிஸ்க் பிரேக்கில் இரண்டு பேட் சேர்ந்து டிஸ்க்கை இறுக்கும். பழைய பிக்கப்களில் முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம் என்றிருப்பதே அதிகம். நாலு பக்கமும் டிரம் உள்ளவையும் உண்டு.

ஒயில் நசுங்காது, ஆனால் காற்றும் நீராவியும் நசுங்கும். குழாய்க்குள் கொஞ்சம் காற்றோ ஆவியோ இருந்தால் கால் மிதித்த பலம் அதை நசுக்குவதிலேயே போய்விடும். சக்கரத்துக்கு ஒன்றும் எட்டாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருபவை எல்லாம் லேசாக விளங்கும்.

1. நீண்ட இறக்கத்தில் கெட்டு, ஆறியதும் சரியாகிறதா?

மலைநாட்டில் மிக அதிகம் காண்பது இது. நுவரெலியா 6,000 அடிக்கு மேல் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும் வண்டி முடக்குக்கு முடக்கு பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம்மும் டிஸ்க்கும் அடுப்புக் கல் போல் சுடும். அப்போது இரண்டு விதமாகக் கெடலாம். எது என்று கால்தான் சொல்ல வேண்டும்.

பெடல் மெத்தை மாதிரி மிருதுவாக உள்ளே போனால் பிரேக் ஒயில் கொதித்திருக்கிறது என்று அர்த்தம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டொட் 3 என்ற வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதில் நூற்றுக்கு 4 பங்கு அளவுக்குத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தாங்கும் அளவு 140 பாகை அளவுக்கு இறங்கிவிடும். டொட் 4 வகையில் இது 230 பாகையிலிருந்து 155 பாகைக்கு இறங்குகிறது. கொதித்து ஆவியானால் பெடல் உள்ளே போகும். வண்டி அரை மணி நேரம் நின்று ஆறினால் ஆவி மறுபடி ஒயிலாகி, பெடல் பழையபடி மேலே வரும். கராஜில் ஒன்றும் தெரியாமல் போவது இதனால்தான். இதற்கு மருந்து, பழைய ஒயில் முழுவதையும் எடுத்துவிட்டுப் புது ஒயில் போட்டு, நாலு சக்கரத்திலும் எயார் எடுப்பதாகும். குறைந்ததை மேலே ஊற்றி நிரப்புவது மருந்தல்ல. ஈரமான நம் மலைப் பகுதியில் 2 வருடத்துக்கு ஒரு தடவையாவது முழுவதும் மாற்றுவது நல்லது.

பெடல் கல் மாதிரி உறுதியாக நின்றும் வண்டி நிற்காமல், கருகிய வாடை வந்தால் ஒயிலில் குற்றமில்லை. லைனிங் சூடேறிப் பிடிமானத்தை இழந்திருக்கிறது. லைனிங் தேய்ந்திருக்கிறதா, மட்டமான சாமான் போட்டிருக்கிறதா, ஏதாவது ஒரு சக்கரம் எப்போதும் உரசிக்கொண்டே ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

2. முதல் மிதியில் இல்லை, இரண்டாம் மிதியில் உண்டா?

“ரெண்டு தரம் பம்ப் பண்ணினா சரியா பிடிக்குங்க” என்று பல சாரதிகள் இதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொள்கிறார்கள். முடக்கில் நாய் குறுக்கே வந்தால் இரண்டாம் மிதிக்கு நேரம் ஏது?

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேன்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் முன்பை விட மேலே நின்றால், பின் சக்கரத்து ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று கொள்ளலாம். ஷூவை அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். அப்படியும் பெடல் மிருதுவாகவே இருந்தால் குழாயில் காற்று இருக்கலாம்.

தோட்டத்துக் கல் ரோட்டில் குலுங்கி வந்து, அடுத்த மிதியில் மட்டும் பெடல் ஆழமாகப் போகிறதா? முன் சக்கரத்து பெயாரிங் லூஸாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயாரிங் ஆடினால் டிஸ்க்கும் ஆடி, பேட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடும். சக்கரத்தை ஜாக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் கைக்குத் தெரியும்.

3. மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்ல இறங்குகிறதா?

டக்கென்று மிதித்தால் பிடிக்கும், மெதுவாக மிதித்துக்கொண்டு நின்றால் பெடல் தானாக அடிக்குப் போகும். ஒயில் டப்பாவில் அளவும் குறையாது. இது மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் தேய்ந்து, ஒயில் உள்ளுக்குள்ளேயே பின்னுக்கு வழிவதன் அடையாளம் ஆகும். என்ஜின் ஓடும்போது பெடலைச் சீராக ஒரு நிமிடம் மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இது நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடக்கூடிய குற்றமல்ல.

ஒயில் அளவும் குறைகிறது என்றால் வெளியே எங்கோ ஒழுகுகிறது. டயரின் உட்பக்கம், டிரம்மின் பின் தட்டு, ரப்பர் ஹோஸ், துருப்பிடித்த குழாய் இவற்றைப் பாருங்கள். முடக்கில் திரும்பும்போது மட்டும் சிவப்பு பிரேக் லைட் மினுங்கி மறைந்தால், டப்பாவில் ஒயில் குறைந்து அசைகிறது என்று நினைக்க இடமுண்டு. பல்பில் குற்றம் என்று கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

4. சில நேரம் பெடல் கல்லாக இறுகுகிறதா?

பெடலுக்குப் பின்னால் உள்ள வட்டமான தகரப் பெட்டிதான் பூஸ்டர். காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தின் உதவியால் அது காலுக்குப் பலம் கூட்டுகிறது. டீசல் வண்டியில் இந்த வெற்றிடத்தை உண்டாக்க ஒரு பம்ப் உண்டு. பல பிக்கப்களில் அது டைனமோவின் பின்னால் பூட்டியிருக்கும். பெல்ட் வழுக்கினாலோ, ஹோஸ் வெடித்துக் காற்று இழுத்தாலோ, செக் வால்வு ஒட்டிக்கொண்டாலோ பூஸ்டர் சில நேரம் உதவும், சில நேரம் கைவிடும். மேட்டுப் பகுதியில் காற்றழுத்தமே குறைவு. நுவரெலியாவில் அது கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். கொழும்பில் “பரவாயில்லை” என்று ஓடிய பூஸ்டர் இங்கே வந்ததும் தளர்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்க்கும் விதம் லேசானது. என்ஜினை நிறுத்திப் பெடலை 5, 6 தடவை மிதியுங்கள், இறுகிவிடும். கால் வைத்தபடியே என்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் அதில் குற்றம் உண்டு.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வண்டியை உருள விடுவது சிலரிடம் உள்ள பழக்கம். என்ஜின் நின்றால் பூஸ்டரில் மீதமுள்ள பலம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதன் பிறகு முழுப் பலத்தோடு மிதித்தாலும் போதாது. கியர் பிடித்து நிறுத்தும் உதவியும் இல்லை. அரைப் போத்தல் டீசலுக்காக ஆட்களின் உயிரைப் பந்தயம் வைப்பதா?

5. ஒரு பக்கம் இழுக்கிறதா?

மழையில் அல்லது வண்டி கழுவிய பின் மட்டும் இழுத்தால், டிரம்முக்குள் தண்ணீர் போயிருக்கும். மெதுவாக ஓட்டியபடி சில தடவை லேசாக மிதித்தால் காய்ந்துவிடும். காய்ந்த பின்னும் இழுத்தால் ஒரு சக்கரத்து லைனிங்கில் ஒயில் பட்டிருக்கலாம், அல்லது கலிப்பர் இறுகியிருக்கலாம். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கினாலும் ஒயில் போகும், திரும்பி வராது. அந்தச் சக்கரம் பிரேக்கைப் பிடித்தபடியே ஓடும். இரண்டு மூன்று மைல் ஓடி வந்து, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொடத் தேவையில்லை. ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் குற்றம் அங்கேதான்.

6. பாரம் ஏற்றினால் மட்டும் நிற்கவில்லையா?

பல பிக்கப்களில் பின் அக்ஸிலுக்கு மேலே, கம்பியோ ஸ்பிரிங்கோ பூட்டிய ஒரு வால்வு உண்டு. பாரம் ஏறி வண்டி பதியும்போது பின் பிரேக்கைக் கூட்டுவதும், வெறும் வண்டியில் குறைப்பதும் அதன் வேலை. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கூடுதல் பாரம் ஏற்ற வேண்டுமென்று பின்னுக்கு இரண்டு ஸ்பிரிங் பட்டை சேர்த்துக் கட்டுகிறார்கள். பிறகு எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வண்டி பதியாது. வால்வு அதை வெறும் வண்டி என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டை சேர்த்திருந்தால் இந்த வால்வையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிச் சரி செய்துகொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

பிரேக் ஒயில் இல்லையென்று என்ஜின் ஒயிலையோ மண்ணெண்ணெயையோ ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. அவை பட்டால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதி வீங்கும். அன்றைக்குப் பிடிக்கும், மறுநாள் இறுகும், பிறகு கைவிடும். தவறி ஊற்றிவிட்டால் வண்டியை ஓட்டாமல், எல்லா ரப்பரையும் மாற்றி, குழாயையும் கழுவ வேண்டும்.

திறந்து வைத்த டின் ஈரத்தை இழுக்கும். ஆகவே சின்ன டின்னாக வாங்கி, மீதியை வைத்துக்கொள்ளாமல் விடுவது நல்லது. அதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்கவே வேண்டாம். அது நஞ்சு. பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

பெடலுக்கு அடியில் போத்தல், செருப்பு, மடிந்த கார்ப்பெட் ஒன்றும் இருக்கக்கூடாது. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைக்காதீர்கள். உருண்டு வந்த ஒரு வெறும் போத்தல் போதும், பெடல் பாதியில் நிற்பதற்கு.

இறக்கத்தில் கைவிட்டால்

பதறாமல் பெடலை வேகமாகப் பல தடவை பம்ப் பண்ணுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கிளச்சை மிதித்தபடி வைத்திருக்க வேண்டாம், என்ஜினையும் நிறுத்த வேண்டாம். ஹேன்ட் பிரேக்கை ஒரே இழுப்பாக இழுக்காமல், விட்டு விட்டுக் கூட்டிக்கொண்டே இழுங்கள். ஹோர்ன் அடித்து லைட்டைப் போடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் பள்ளப் பக்கம் விட்டு மலைப் பக்கமாக, கானில் சக்கரத்தை இறக்கியோ மண் மேட்டில் உரசியோ நிறுத்துவதே உயிர் தப்பும் வழி. இந்த நிலை வராமலிருக்க, பெரியவர்கள் சொன்ன வழக்கத்தை மறக்க வேண்டாம்: எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும்.

ஒரு ரூபாய்க் கொப்பியல்ல, உயிர்க் கொப்பி

வண்டியில் ஒரு கொப்பியும் பென்சிலும் எப்போதும் இருக்கட்டும். பிரேக் ஒரு தடவை ஏமாற்றினாலும் அன்றே எழுதுங்கள். தேதி, நேரம், இடம். ஏற்றமா, இறக்கமா. எவ்வளவு தூரம் ஓடிய பின். மழையா, வெயிலா. எவ்வளவு பாரம், எத்தனை பேர். பெடல் மிருதுவா, இறுக்கமா, ஆழமா. இரண்டாம் மிதியில் பிடித்ததா. எந்தப் பக்கம் இழுத்தது. லைட் எரிந்ததா. வாடை வந்ததா. எழுதச் சிரமப்படும் சாரதி சொல்லச் சொல்ல, பிள்ளைக் காப்பகத்து ஆசிரியையோ வீட்டில் படிக்கிற பிள்ளையோ எழுதிக் கொடுக்கலாம்.

அந்தக் கொப்பியோடு வண்டி கராஜுக்குப் போனால் கதையே வேறு. “ஒண்ணுமில்ல” என்று சொல்ல மெக்கானிக்குக்கும் மனம் வராது. மூன்று தடவையும் இறக்கத்தில், மூன்று தடவையும் மிருதுவாக என்று எழுதியிருந்தால், எங்கே கை வைப்பது என்று அவருக்கே தெரிந்துவிடும். சோதித்து ஓட்டுவதும் அதே நிலைமையில் இருக்க வேண்டும். பாரத்தில் கெட்டால் உர மூட்டையை ஏற்றியும், சூட்டில் கெட்டால் பிரேக்கைச் சூடாக்கியும் பார்க்க வேண்டும். ஆனால் செங்குத்து இறக்கத்தில் அல்ல. பாதுகாப்பான, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், ஆட்களை ஏற்றாமல்.

தோட்ட நிர்வாகத்திடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. சாரதி “இந்த வண்டியை இன்னைக்கு எடுக்க மாட்டேன்” என்று சொன்னால் அதைச் சோம்பலாக எண்ணாமல், குற்றம் கண்டுபிடிக்கும் வரை அந்த வண்டியில் ஆளை ஏற்றாமல் நிறுத்தி வையுங்கள். டயருக்குக் கட்டை வையுங்கள். சாவியை அலுவலகத்தில் வையுங்கள். அவசர நோயாளி என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016ல் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அது இலவசம். லயத்துச் சந்து வரை வண்டி வராது என்றால் எந்தச் சந்தியில் காத்திருப்பது, நோயாளியை அதுவரை யார் தூக்குவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். “அண்ணே, அதெல்லாம் பிடிக்கும், எடுங்க, நேரமாகுது” என்று சாரதியை அவசரப்படுத்த வேண்டாம். பின்னால் நின்று போகிறவர்கள் நீங்கள்தான். உங்களுக்குக் கருகிய வாடை வந்தாலும், டயரில் ஈரம் தெரிந்தாலும் தட்டி நிறுத்திச் சொல்லுங்கள். இரண்டு கல் தூரம் நடந்து போனால் கால் வலிக்கும், அது நாளைக்கு ஆறிவிடும்.

ஒரு தடவை ஏமாற்றிய பிரேக் தானாகத் திருந்தியதாகச் சரித்திரம் இல்லை. ஏன் என்று கண்டுபிடிக்கும் வரை அது கெட்ட பிரேக்தான்.